நிறம் டப்பாவில் இல்லை: காரின் சிறப்பு பெயிண்ட் வேலை செய்யும் விதம்

ஒரு டப்பா சில்வர் மெட்டாலிக் பெயிண்டை இரண்டாகப் பிரித்து இரண்டு பெயிண்டர்களிடம் கொடுங்கள். ஒரே காரின் இரண்டு கதவுகளை ஆளுக்கொன்றாக அடிக்கச் சொல்லுங்கள். காய்ந்தபின் கதவுகளை மாட்டி வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், இரண்டும் வேறு வேறு வண்டியிலிருந்து கழற்றி வந்தவை போலத் தெரியும். ஒன்று வெளிறியிருக்கும், மற்றது கறுத்திருக்கும். யாரும் தப்புச் செய்யவில்லை. ஒருவர் கொஞ்சம் ஈரமாக அடித்தார், மற்றவர் கொஞ்சம் உலர்வாக அடித்தார், அவ்வளவுதான்.

சாதாரண வெள்ளையிலோ சிவப்பிலோ இந்தத் தொல்லை கிடையாது. அவற்றில் இருப்பவை நிறமித் துகள்கள். வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கி மீதியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பது மட்டுமே அவற்றின் வேலை. அடியில் இருப்பது முழுதாக மறைந்துவிட்டால் போதும். அதற்கு மேல் இரண்டு கோட் அதிகமாக அடித்தாலும் நிறம் மாறாது. மெட்டாலிக், பேர்ல், கேண்டி, கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும் பச்சோந்தி வகை ஆகியவை அப்படியல்ல. அவற்றின் நிறத்தைத் தீர்மானிப்பவை மூன்று: படலம் எவ்வளவு தடிமன், அதனுள் செதில்கள் எப்படிப் படுத்திருக்கின்றன, பார்ப்பவர் எங்கே நிற்கிறார். முதல் இரண்டும் ஸ்ப்ரே கன் பிடித்த கையில்தான் உருவாகின்றன. சமையலில் கைப்பக்குவம் என்று ஒன்றைச் சொல்வோமே, சிறப்பு பெயிண்டில் அந்தக் கைப்பக்குவம்தான் நிறம். டப்பாவில் இருப்பது வெறும் மளிகைச் சாமான்.

அளவுகளை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி எளிதாகப் புரியும். தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் தகட்டின் மேல் இருக்கும் எல்லாப் பூச்சையும் சேர்த்தால் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதால், இரண்டு முடியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் அடியில் துரு பிடிக்காமல் காக்கும் மின்பூச்சு 20 மைக்ரான் அளவுக்கு இருக்கும். அதன் மேல் பிரைமர், சுமார் 30. கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத் தரும் பேஸ் கோட் 12 முதல் 20 மைக்ரான்தான். எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்புக்கும் பாதுகாப்புக்குமான கிளியர் கோட், 40 முதல் 50. நாம் காரின் நிறம் என்று சொல்வது அந்தக் காரின் மிக மெல்லிய உறுப்பு.

நிறம் என்பதே காருக்கு ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்தது. வார்னிஷ் கலந்த பெயிண்டைப் பிரஷ்ஷால் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி என்று ஒரு வண்டிக்கு வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. 1920களின் நடுவில் டூபாண்ட் நிறுவனத்தின் டியூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்து, ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்கள் நீலத்தில் வெளிவந்தபோதுதான் ஆட்டம் மாறியது. நிமிடங்களில் காயும், ஸ்ப்ரேயில் அடிக்கலாம், எந்த நிறத்திலும் கிடைக்கும். காய்ந்தபின் தேய்த்துப் பளபளப்பாக்கலாம், அதன் மேலேயே அடுத்த கோட்டும் அடிக்கலாம். பிற்காலத்துக் கலிபோர்னிய கார் பித்தர்கள் அடுக்கு அடுக்காக அடித்து விளையாட முடிந்ததற்கு இந்த வேகமே காரணம்.

மெட்டாலிக்: செதில்களைப் படுக்க வைப்பது

மெட்டாலிக் பெயிண்டில் அலுமினியத் தூள் கலந்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். தூள் என்பது சரியான சொல் இல்லை, செதில் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் 10 முதல் 25 மைக்ரான் அகலம் இருக்கும், தடிமனோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் தகட்டுக்கு இணையாகப் படுத்திருந்தால், நேராகப் பார்க்கும்போது வெளிச்சம் மொத்தமாகக் கண்ணுக்குத் திரும்பும், வண்டி மின்னும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெளிச்சம் வேறெங்கோ போய்விடும், நிறம் கறுத்துத் தெரியும். நேரிலும் சரிவிலும் தெரியும் இந்த வித்தியாசத்தைப் பெயிண்ட் தொழிலில் ஃப்ளாப் என்பார்கள். காரின் உடம்பில் ஒரு மடிப்போ வளைவோ எடுப்பாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த ஃப்ளாப்.

செதில்களை யார் படுக்க வைக்கிறார்கள்? காய்தல்தான் படுக்க வைக்கிறது. ஸ்ப்ரே செய்த பேஸ் கோட்டில் பெரும்பகுதி கரைப்பான். அது ஆவியாகும்போது படலம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சுருங்கும். செதிலின் அகலமும் காய்ந்த படலத்தின் தடிமனும் ஏறத்தாழ ஒன்று என்பதால், கூரை இறங்க இறங்க உள்ளே நிற்பவர்கள் குனிந்து கடைசியில் படுத்துவிடுவதைப் போல அவை சாய்கின்றன. பெயிண்டை அதிக ஈரமாக அடித்தால் படலம் நெடுநேரம் நீர்த்தே இருக்கும். செதில்கள் மூழ்கி, புரண்டு, கண்டபடி கோணலாக உறைந்து நிற்கும். நேராகப் பார்க்கும்போது கறுப்பு தட்டும். உலர்வாக அடித்தால் மேற்பரப்புக்கு அருகிலேயே தட்டையாகச் சிக்கிக்கொள்ளும், நிறம் வெளுக்கும். வேகமாக ஆவியாகும் தின்னரா மெதுவாக ஆவியாகும் தின்னரா, கன்னில் காற்றழுத்தம் எவ்வளவு, அறையில் வெப்பம் எவ்வளவு, கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்பவையெல்லாம் நிறத்தை மாற்றும் திருகுகள். பெயிண்டரைக் கேட்டால் தின்னர் டப்பாவைக் காட்டி, இதுவும் கலர்தான் என்பார்.

கன்னை எப்படிப் பிடிப்பது என்பதும் இங்கேதான் வந்து சேர்கிறது. தகட்டிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர், எப்போதும் செங்குத்தாக. மணிக்கட்டை விசிறி போல ஆட்டினால் நடுவில் அதிகமும் ஓரங்களில் குறைவும் விழும். ஆகவே தோளிலிருந்து கையே நகர வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூட வேண்டும். இதில் பிசகினால் மேகம் மேகமாகத் திட்டுகள் விழும், அல்லது புலிக்கோடு போலப் பட்டைகள் தெரியும். அனுபவசாலிகள் கடைசியில் கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மெல்லிய பனி போல ஒரு கோட் தூவுவார்கள். அது நிறத்தைக் கூட்ட அல்ல, செதில்களின் நிற்கும் கோணத்தைச் சமப்படுத்த. பேஸ் கோட்டில் தூசி விழுந்துவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுச் சும்மா விடவும் முடியாது. தேய்த்த இடத்தில் செதில்கள் வெட்டுப்பட்டு வேறு மாதிரி மின்னும். அந்த இடத்தை மறுபடி பேஸ் கோட்டால் மூடியாக வேண்டும்.

கேண்டி: தவறுக்கு மறைவிடம் இல்லாத பெயிண்ட்

சிறப்பு பெயிண்டுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்ததும், அடிப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பதும் கேண்டிதான். மேலே சர்க்கரைப் பாகு முக்கிய ஆப்பிளின் கண்ணாடிச் சிவப்பிலிருந்து வந்த பெயர் அது. அந்தச் சிவப்பைக் காருக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர் கலிபோர்னியாவின் கார் அலங்கரிப்பாளர் ஜோ பெய்லன். இரவில் ஈரச் சாலையில் காரின் பின்விளக்குச் சிவப்பு மினுங்குவதைப் பார்த்து, அந்த ஒளிரும் சிவப்பைத் தகட்டில் பிடிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் முயன்று 1950களில் அவர் கண்டடைந்த வழி இதுதான்: சிவப்பை நேரடியாக அடிக்காதே. முதலில் பொன் நிற அல்லது வெள்ளி நிற மெட்டாலிக் அடி; அதன் மேல் உள்ளே பார்க்கக்கூடிய சாயச் சிவப்பைக் கோட் கோட்டாக ஏற்று; கடைசியில் கிளியர்.

வெளிச்சம் சிவப்புச் சாயத்தினூடே உள்ளே போய், அடியிலிருக்கும் உலோகச் செதிலில் பட்டு, மறுபடி அதே சாயத்தினூடே வெளியே வருகிறது. நிறம் தகட்டின் மேல் ஒட்டியிருப்பது போல இல்லாமல் உள்ளிருந்து எரிவது போலத் தோன்றுவதற்கு இந்த இருவழிப் பயணமே காரணம். அடியில் வெள்ளியிருந்தால் சிவப்பு குளிர்ந்து கூர்மையாகத் தெரியும், பொன்னிருந்தால் தணல் போல. ஒரே கேண்டி டப்பா, இரண்டு நிறம்.

அழகைத் தருவதும் ஆபத்தைத் தருவதும் அதே இருவழிப் பயணம்தான். சாயம் தடிக்கத் தடிக்க நிறம் ஆழமாகிக்கொண்டே போகும்; இதுவே போதும் என்று நிற்கும் இடம் கிடையாது. வெளிச்சம் சாயத்தை இரண்டு முறை கடப்பதால் ஓரிடத்தில் தடிமன் பிசகினால் கண்ணுக்கு அது இரட்டிப்பாகத் தெரியும். கதவின் ஓரங்களில் கன் திரும்பும்போது இரண்டு பக்கத் தூறலும் விழுந்து ஓரம் கறுத்துவிடும். இதைத் தவிர்க்க ஓட்டங்களைப் பாதிக்குப் பதிலாக முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடிப்பார்கள். கன் தகட்டைத் தாண்டிய பிறகே விசையை விடுவார்கள். காரின் ஒரு பக்கம் முழுவதையும் நின்று நிறுத்தாமல், நடந்துகொண்டே ஒரே வீச்சில் அடிப்பவர்களும் உண்டு. கதவுக்குக் கதவு நின்று நின்று அடித்தால் ஒவ்வொரு சேர்க்கையும் கோடாகக் காட்டிக்கொடுக்கும். பானெட் ஐந்து கோட், கதவு ஆறு கோட் என்று ஆகிவிட்டால் அந்தக் கார் வாழ்நாள் முழுவதும் இரண்டு நிறம்தான்.

இதில் சாயமா நிறமியா என்று இன்னொரு கேள்வி உண்டு. கரையும் சாயம் சேர்த்தால் கேண்டி தெளிவாக, கண்ணாடி போல இருக்கும், ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதை எளிதில் சிதைக்கும். மேலே வரும் கோட்டுக்குள் கசிந்து ஏறும் குணமும் சாயத்துக்கு உண்டு. சிவப்புக் கேண்டியின் மேல் வெள்ளைக் கோடு வரைந்தால் அது மெல்ல இளஞ்சிவப்பாகும். மிக நுண்ணிய நிறமியில் செய்த கேண்டி வெயிலைக் கூடுதலாகத் தாங்கும், தெளிவு மட்டும் ஒரு படி குறையும். எந்நேரமும் வெளியில் நிற்கும் வண்டிக்குச் சாயக் கேண்டியைச் சிபாரிசு செய்பவரிடம், மூன்று வருடம் கழித்து எப்படியிருக்கும் என்று ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. கிளியர் கோட்டில் புற ஊதாத் தடுப்பான் இருக்கும். அது வெளுப்பதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது.

மீன் செதிலும் டாலர் நோட்டின் தந்திரமும்

பேர்ல் என்ற முத்து மினுக்கத்தின் கதை மீனில் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் போலி முத்து செய்தவர்கள், ஆற்று மீன்களின் செதிலைக் கழுவி எடுத்த வெள்ளிக் குழம்பைக் கண்ணாடி மணிகளுக்குள் பூசினார்கள். அதில் மின்னியவை குவானின் படிகங்கள். நம் மரபணுவில் இருக்கும் அதே குவானின்தான். அந்தப் பொருள் அரியது, விலை கூடியது, காருக்கெல்லாம் கட்டுப்படியாகாது. 1960களில் டூபாண்ட் ஆய்வாளர்கள் அப்ரகம் என்னும் மைக்காவின் மெல்லிய செதில்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிக் காட்டியதும் கடலுக்கும் ஆற்றுக்கும் போக வேண்டிய தேவை போய்விட்டது.

இந்த டைட்டானியம் டை ஆக்சைடு விசித்திரமான ஆள். வெள்ளை பெயிண்டின் வெண்மை முழுவதும் இதன் துகள்களால் வருவதுதான். அதையே மைக்காமேல் ஒரே சீரான படலமாகப் பூசினால் வெள்ளையாக இருப்பதை மறந்துவிடும். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று சந்தித்து, சில நிறங்கள் வலுத்து, சில நிறங்கள் அழிகின்றன. சோப்புக் குமிழியிலும் மழைநீரில் மிதக்கும் எண்ணெயிலும் வானவில் தெரிவது இதே வித்தையால்தான். 1704இல் வெளிவந்த தன் ஒளியியல் நூலில் நியூட்டன் இந்த மெல்லிய படல நிறங்களை அளந்து எழுதியிருக்கிறார். படலம் சுமார் 50 நானோமீட்டர், அதாவது மைக்ரானில் இருபதில் ஒரு பங்கு, என்றால் வெள்ளி மினுக்கம். தடிமன் ஏற ஏற மஞ்சள், சிவப்பு, நீலம், 150ஐ நெருங்கும்போது பச்சை. பொருள் ஒன்றே, மாறுவது தடிமன் மட்டும். நீல நிறமி என்று ஒன்று அந்தக் காரில் எங்குமே இல்லாமல் கார் நீலமாக மின்னும்.

பேர்ல் செதில் பாதி ஒளியைக் கடத்திவிடும் என்பதால் அடியில் என்ன நிறம் என்பது முக்கியமாகிறது. நீல பேர்லைக் கறுப்பின் மேல் அடித்தால் நீலம் பளிச்சென்று எழும், வெள்ளையின் மேல் அடித்தால் ஒரு கோணத்தில் மட்டும் நீலம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வெள்ளை பேர்ல் கார்களில் அடியில் வெள்ளை, நடுவில் பேர்ல், மேலே கிளியர் என்று மூன்று அடுக்கு இருக்கும். மஸ்தாவின் புகழ்பெற்ற சோல் ரெட் சிவப்பும் இப்படிப்பட்ட மூன்றடுக்குத்தான். கேண்டி வித்தையை ரோபோவின் கையில் கொடுத்துத் தொழிற்சாலை வரிசைக்குக் கொண்டுவந்த வேலை என்று அதைச் சொல்லலாம். ரோபோவுக்குக் கை நடுங்காது. மோதிய கதவைச் சரிசெய்யும் மனிதருக்கு அந்தச் சலுகை இல்லை.

மைக்காவில் பாதி ஒளி கடந்து போகிறது, அதனால் நிறம் மென்மையாக இருக்கிறது. ஒளியைக் கடத்தாமல் முழுதும் திருப்பினால்? நடுவில் அலுமினியக் கண்ணாடி, இரு பக்கமும் மெக்னீசியம் ஃபுளோரைடு படலம், அதற்கு வெளியே ஒளி பாதி ஊடுருவும் குரோமியம். மொத்தம் ஐந்து அடுக்கு, தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான். இதை வெற்றிடத்தில் தாள்போல் படியவைத்து, உரித்து, பொடித்தால் கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும் நிறமி கிடைக்கும். மயில்கழுத்து நிறம் என்று தமிழில் ஏற்கெனவே நல்ல பெயர் உண்டு. நேராகப் பார்க்கும்போது ஒளி படலத்தைக் கடக்கும் தூரமும் சாய்வாகப் பார்க்கும்போது கடக்கும் தூரமும் ஒன்றல்ல, எனவே வலுக்கும் நிறமும் ஒன்றல்ல.

இந்த நிறமி முதலில் பணத்தைக் காக்கப் பிறந்தது. 1996இல் வந்த புதிய 100 டாலர் நோட்டின் மூலையில் எண் பச்சையிலிருந்து கறுப்புக்கு மாறும்; ஜெராக்ஸ் எடுத்துக் கள்ளநோட்டு அடிப்பவரால் அந்த மாற்றத்தைப் படியெடுக்க முடியாது. அதே 1996இல் இதே குடும்பத்து நிறமி ஃபோர்டின் மஸ்டாங் கோப்ரா காரில் மிஸ்டிக் என்ற பெயரில் ஏறியது. பச்சை, ஊதா, பொன் என்று கார் நகர நகர உருமாறும். இதற்கு அடியில் நல்ல கறுப்பு வேண்டும், படலம் சீராக இருக்க வேண்டும். மற்றபடி கேண்டியைவிட இது கைக்கு இணக்கமானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். செதில் ஒளியைக் கடத்தாது என்பதால் மூடியபின் கோட் கணக்கு நிறத்தை அவ்வளவாகப் பாதிக்காது. விலைதான் கண்ணைக் கரிக்கும்.

கண்ணுக்கே தெரியும் பெரிய மினுக்குத் துண்டுகளைச் சேர்க்கும் ஃப்ளேக் வகையில் சூட்சுமம் குறைவு, உழைப்பு அதிகம். துண்டுகள் 100 மைக்ரானிலிருந்து 400 வரை போகும், அதாவது ஒரு துண்டே காரின் மொத்தப் பூச்சைவிட அகலமாக இருக்கலாம். சாதாரண கன்னின் 1.3 மி.மீ. துளை அடைத்துக்கொள்ளும், 2 மி.மீ.க்கு மேல் வேண்டும். அடித்தபின் உப்புத்தாள் போல இருக்கும் பரப்பைக் கிளியர் ஊற்றி ஊற்றித் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். குரோம் ஸ்ப்ரே வேறு உலகம்: பளபளக்கும் கறுப்பின் மேல் வெள்ளி நைட்ரேட்டையும் அதிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் கரைசலையும் ஒரே நேரத்தில் தெளித்து, பள்ளி ஆய்வகத்தில் சோதனைக்குழாயில் செய்த வெள்ளிக் கண்ணாடிப் பரிசோதனையைக் கார் அளவில் செய்கிறார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அந்த வெள்ளிமேல் கிளியர் பிடித்து நிற்பதுதான் தலைவலி.

மேட்: தேய்க்கக் கூடாத கார்

மேட் பெயிண்டைப் பளபளப்பு இல்லாத பெயிண்ட் என்று நினைத்து எளிதாக எடுத்துக்கொள்பவர்கள் பிறகு வருந்துவார்கள். அடியில் வழக்கமான பேஸ் கோட்தான். மேலே வரும் கிளியரில் நுண்ணிய சிலிகாத் துகள் கலந்திருக்கும். காய்ந்து சுருங்கும்போது பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாகி, ஒளியைச் சிதறவிடும். அந்த மேடுபள்ளம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள். பாலிஷ் போட்டால் மேடு மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளக்கும். சாதாரண கிளியரில் தூசியோ ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்போ வந்தால் 1500, 2000, 3000 என்று நுண்மை கூடிக்கொண்டே போகும் தாள்களால் தேய்த்துப் பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம். மேட்டில் விழுந்த தூசி விழுந்ததுதான். கீறல் விழுந்தால் அந்தப் பாகம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். கோட் தடிமனும் கோட்டுகளுக்கு இடையே விட்ட நேரமும் மாறினாலே மினுமினுப்பு இடத்துக்கு இடம் மாறிவிடும். பறவை எச்சம் அன்றே துடைக்கப்பட வேண்டும்.

ஒளியை விழுங்குவதில் எல்லைவரை போனது பி.எம்.டபிள்யூ 2019இல் காட்டிய எக்ஸ்6. வான்டாபிளாக் என்ற அதிகறுப்புப் பூச்சின் தெளிக்கக்கூடிய ஒரு வகையைப் பூசிய அந்தக் கார் ஒளியில் சுமார் ஒரு விழுக்காட்டைத்தான் திருப்பியது. காரின் வளைவுகள் எல்லாம் காணாமல் போய் வெட்டி ஒட்டிய நிழல் போல நின்றது. விற்பனைக்கு வரவில்லை. வடிவத்தைக் காட்ட ஒளியின் ஏற்றத்தாழ்வு எவ்வளவு தேவை என்பதை அந்தக் காரைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை.

அடிப்பதற்கு முன்னும் அடிக்கும்போதும்

இத்தனையும் இரண்டு நாள் வேலை. அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றி யாரும் படம் போடுவதில்லை. பட்டி பார்ப்பது என்று கேலியாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, ஆனால் சிறப்பு பெயிண்டின் தலையெழுத்தை எழுதுவது பட்டியும் பிரைமரும்தான். ஃப்ளாப் வளைவை எடுத்துக்காட்டும் என்றோமே, அது பள்ளத்தையும் அதே நேர்மையோடு எடுத்துக்காட்டும். பட்டியை 80இல் தொடங்கி 180, 320 தாள் வரையிலும், பிரைமரை 600, 800 வரையிலும் தேய்க்க வேண்டும். இடையில் ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் அன்று ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் அடிக்கீறல் கரைப்பானை உறிஞ்சி வீங்கி, மெட்டாலிக்கின் ஊடே கோடுகளாக எழுந்து வரும். தேய்க்குமுன் மெல்லிய கறுப்புத் தூளைத் தடவிக்கொண்டால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு மிஞ்சி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பழைய பாலிஷின் சிலிகான் ஒரு துளி மிச்சமிருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தைவிட்டு விலகி மீன்கண் போலக் குழிவிடும்.

அறைக்குள் போகும்போது ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. இரண்டு பகுதியாக வரும் கிளியர் கோட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது கோட்டைக் கண்ணாடி போல இறுக்குகிறது, அடிப்பவரின் நுரையீரலில் ஆஸ்துமாவையும் உண்டாக்குகிறது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறடிக்கப் போதும். தொழிலையே விட வேண்டிவரும். அபாய அளவை எட்டும்போதும் மணம் தெரியாது என்பதால், கரிப்பஞ்சு முகமூடி தீர்ந்துபோனது மூக்குக்குத் தெரிவதில்லை. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் கவசம்தான் உரிய கருவி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல் பயிற்சிச் சான்று இல்லாமல் இந்த ரசாயனத்தைத் தொழில்முறையில் கையாளக் கூடாது. வீட்டு முற்றத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிளியர் அடிக்கும் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்குப் பெயிண்டைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

மோதிய பிறகு

சிறப்பு பெயிண்டின் உண்மையான விலை முதல் கீறலில்தான் தெரியும். சாதா நிறத்தில் ஒரு கதவை மட்டும் அடித்து முடித்துவிடலாம். மெட்டாலிக்கில் பக்கத்துப் பாகத்துக்குள் நிறத்தைக் கரைத்துக்கொண்டு போய் கண்ணை ஏமாற்ற வேண்டும், அதனால் ஒரு கதவு மூன்று பாகங்களாகப் பெருகும். நிறத்தை ஒரு கோணத்தில் அளந்தால் போதாது என்பதால் 15, 45, 110 பாகை என்று பல கோணங்களில் அளக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. அவை கலவையைச் சொல்லும். கையின் வேகத்தைச் சொல்லாது.

முன்பு இல்லாத ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. இப்போதைய பல கார்களின் பம்பருக்குப் பின்னால் முன் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் ஒளிந்திருக்கிறது. அது 77 கிகாஹெர்ட்ஸ் அலையில் பம்பரையும் பெயிண்டையும் ஊடுருவிப் பார்க்கிறது. அலுமினியச் செதில் ஒளிக்கு மட்டுமல்ல, ரேடாருக்கும் கண்ணாடிதான். செதில் நிறைந்த பெயிண்டை அங்கே தடித்துப் பூசினால், அல்லது பட்டி வைத்து மெழுகினால், ரேடாரின் பார்வை மங்கும். அதனால்தான் சில உற்பத்தியாளர்கள் ரேடார் இருக்கும் பகுதியில் எத்தனை மைக்ரான் வரை பூசலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மைக்காவுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஃப்ளேக் அடிக்க ஆசைப்படுபவர் தன் வண்டியில் ரேடார் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் பார்க்கட்டும்.

கேண்டியையும் மூன்றடுக்கு பேர்லையும் சரிசெய்யப் போகும் பெயிண்டர், காரைத் தொடுவதற்கு முன் ஒரு சிறு தகட்டில் படிக்கட்டு ஒன்றை அடிப்பார். முதலில் தகடு முழுக்க பேஸ் கோட். பிறகு ஒரு பட்டையை மட்டும் விட்டு மற்றதைக் காகிதத்தால் மூடி ஒரு கோட் கேண்டி. காகிதத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி இன்னொரு கோட். இப்படி இறக்கிக்கொண்டே போனால் மேல் பட்டையில் ஆறு கோட், அடுத்ததில் ஐந்து, கடைசியில் ஒன்று. கிளியர் பூசிக் காயவைத்து வெயிலில் காரின் மேல் பிடித்துப் பார்ப்பார். எந்தப் படியில் தகடு காருக்குள் கரைந்து மறைகிறதோ அதுதான் கணக்கு. புதிதாகக் கேண்டி அடிக்கும் நல்ல பெயிண்டர் இந்தப் படிக்கட்டை முதலிலேயே செய்து, எந்தக் கன், எந்தத் துளை, எவ்வளவு காற்று, எந்தத் தின்னர், எத்தனை கோட் என்று பின்பக்கம் எழுதிவைப்பார். வண்டியை எடுக்கப் போகும் நாளில் சாவியோடும் மிஞ்சிய பெயிண்டோடும் சேர்த்து அந்தத் தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.